கழித்துப் போட்ட ஒன்பது பீஸ்

ஐந்து வருஷம் பாடுபட்டு நஃபீசா ஐம்பது எண்களைச் சேர்த்து, ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகையில் கட்டுரையாகப் போட்டிருந்தாள். அந்த எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றன, ஆகையால் உட்கார்ந்த இடத்தில் எழுதியவையாகத்தான் இருக்கும் என்று அதைப் படித்த ஒருவரிடமிருந்து வெளிநாட்டுக் கடிதம் வந்துவிட்டது. எண்கள் தாறுமாறாக இருந்திருந்தால் வேலை தெரியாதவள் என்றிருப்பார்கள். ஒழுங்காக இருந்ததால் பொய்க்காரி. ஊரப்பாக்கம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டோரக் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருத்தி, இருபது வருஷத்துப் பழைய மெஷினை வைத்துக்கொண்டு இத்தனை சுத்தமாக வேலை செய்வாள் என்று யாருக்குத்தான் நம்பத் தோன்றும்?

அவள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று ஒடிந்துவிடும். இரும்புக்கும் களைப்பு உண்டு. எவ்வளவு பாரம் வைத்தால் எத்தனை வளைப்பில் ஒடியும் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. விரல் நீள எஃகுத் துண்டை நடுவில் இடுப்பு ஒடுங்கக் கடைந்து, மெஷினில் மாட்டி, எடையைத் தொங்கவிட்டு, மோட்டாரைப் போட வேண்டும். நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று. ஒவ்வொரு சுற்றும் ஒரு வளைப்பு. துண்டு ஒடிந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும், சுற்றுகளை எண்ணும் கவுண்டரில் எண் நிற்கும். அந்த எண்தான் அந்தத் துண்டின் ஆயுசு.

ஒரே கம்பியிலிருந்து எடுத்து, ஒரே பாரம் வைத்தாலும், ஒரு துண்டு ஒரு லட்சத்தில் ஒடியும், அடுத்தது மூன்று லட்சம் தாங்கும். இரும்பின் குணம் அப்படி. நஃபீசாவின் துண்டுகளோ சொல்லி வைத்தாற்போல ஒடிந்தன. எந்தப் பாரத்தை வைத்துப் பார்த்தாலும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே ஆயுசு. நடுப் பாரத்தில் ஓடிய ஐந்து துண்டுகளும் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கும் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் நடுவிலேயே போய்ச் சேர்ந்தன. இது நடக்கிற காரியமில்லை என்று கடிதம் எழுதியவர் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. கல்லூரிக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டார்.

கல்லூரியின் ஆராய்ச்சித் துறைத் தலைவர் தோத்தாத்ரி அதைப் படித்துவிட்டு, பத்து நாளில் சரியான விளக்கம் வராவிட்டால் நஃபீசாவின் பிஎச்டி பதிவு ரத்து என்றார். காரணம் 'எண்களைத் தயாரித்தது' என்று எழுதப்படும். அப்படி ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால் பட்டம் மட்டுமா போகும்? பொத்தேரியிலிருந்து தாம்பரம் வரைக்கும் உள்ள எந்தக் கல்லூரியிலும் அவளுக்கு நாற்காலி கிடையாது.

அவளுடைய கைடு சுப்ரமணியன் நல்ல மனிதர். சண்டை என்றால் சுவர் ஓரமாகப் போகிற நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாரும்மா நஃபீசா, எனக்கு உன்ன தெரியும். நீ பொய் எழுதறவ இல்ல. ஆனா அவங்களுக்கு அது தெரியாதே."

"என்ன பண்ணணும் சார்?"

அவர் அவளுடைய வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். புள்ளிகள் ஒரு கோட்டின் மேல் சொன்னபடி கேட்டு உட்கார்ந்திருந்தன. பென்சிலை எடுத்து, புள்ளிகளுக்குக் கீழே காலி இடத்தில் மெல்லத் தட்டினார்.

"ரெண்டு மூணு பாயிண்ட்ட கொஞ்சம் கீழ தள்ளி வெச்சுடு. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. முதல்ல எழுதும்போது விட்டுப்போச்சுன்னு ஒரு பதில் எழுதிடலாம். பாக்கறவனுக்கு இயற்கையா இருக்கும். அதோட முடிஞ்சுது."

நஃபீசாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது மடல் சூடாகிவிட்டது.

"சார், என் நம்பர் பொய்னு சொல்றாங்க. அது பொய் இல்லைன்னு காட்ட நான் பொய் நம்பர் எழுதணுமா?"

"அப்படி ஏன் எடுத்துக்கற. அட்ஜஸ்ட்மெண்ட்டுன்னு வெச்சுக்கோ."

"ஐம்பது பீஸையும் நானே மாட்டினேன் சார். நோன்பு வெச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்து ஓட விட்டிருக்கேன். கரண்ட் போனா திரும்ப வர்ற வரைக்கும் கவுண்டர் பக்கத்துலயே இருந்திருக்கேன். ஒரு புள்ளிய கூட தள்ளி வெக்க மாட்டேன். அவங்களுக்கு சந்தேகம்னா இங்க வந்து பாக்கட்டும். புதுசா பீஸ் கடைஞ்சு தரேன். அவங்க கையாலயே எடுத்து மாட்டட்டும், அவங்க கண் முன்னாடியே ஒடையட்டும்."

"கமிட்டி கேக்கறியா? எதுக்கும்மா வம்ப வெலைக்கு வாங்கற?"

"வம்பு வந்து ஒரு வாரம் ஆச்சு சார்."

சுப்ரமணியன் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் நஃபீசாவின் கடிதம் தோத்தாத்ரியின் மேஜையில் இருந்தது. அடுத்த புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு கமிட்டி கூடும், வெளியிலிருந்து பேராசிரியர் பாலாம்பாள் வருவார் என்று பதில் வந்தது. பாலாம்பாள் பெயரைக் கேட்டதும் டிபார்ட்மெண்டில் இரண்டு பேர் "பாவம்" என்றார்கள். அந்த அம்மாள் முன்னால் பூசி மெழுகுகிற வேலை எதுவும் செல்லாது என்று பேர்.

நல்லதாகப் போயிற்று என்று நஃபீசா நினைத்தாள். தன்னிடம் பூசி மெழுக ஒன்றுமில்லை என்று அப்போது மனதார நம்பினாள்.

அந்தத் துண்டுகளைக் கடைந்து கொடுத்தது வேறு யாருமில்லை, அவள் புருஷன் சௌகத் அலிதான். மேற்கு தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவனுக்கு லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். கல்லூரி வொர்க்‌ஷாப்பில் கடைந்து பார்த்து, மூன்று துண்டு வீணான பிறகு நஃபீசா ஒரு காகிதத்தில் படம் போட்டு, அளவு குறித்து, அவனிடம் கொடுத்திருந்தாள். அவன் கடைந்து முடித்ததை எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, பழைய டிபன் பாக்ஸில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவான். பொண்டாட்டி டாக்டர் ஆகப் போகிறாள் என்று பக்கத்து வெல்டிங் கடைக்காரனிடம் சொல்லி, ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்பதையும் அவனே விளக்கி வைத்திருந்தான். ஆனால் அவன் கடையும்போது அவள் ஒரு நாளும் கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அவளுக்கு வகுப்பு, வீடு, மெஷின். பட்டறைக்கு வரும் நேரம் ஏது?

கமிட்டிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வந்தாள். புதிதாக ஆறு துண்டு வேண்டும். எல்லாமே தன் கண் முன்னால் நடக்க வேண்டும் என்று மீதியிருந்த கம்பியோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா நீ, சூப்பர்வைசரு மாதிரி வந்து குந்திகினுகீற?" என்றான் சௌகத்.

"பேசாம வேலைய பாருங்க. கேட்டா, என் எதிர்ல கடைஞ்சதுன்னு சொல்லணும்."

அவன் கை வேலை செய்வதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கம்பியைப் பிடித்து, வெட்டுகிற டூலைத் தொட்டும் தொடாமலும் கொண்டுபோய், சுருள் சுருளாகச் சீவி, இடுப்பை ஒடுக்கி, கடைசியில் எமரி தாளால் நீளவாக்கில் தேய்த்து முகம் தெரியும்படி ஆக்கினான். முதல் துண்டு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதை முடித்து, குண்டு பல்பின் கீழே உருட்டிப் பார்த்தான். பிறகு அதை டிபன் பாக்ஸில் வைக்காமல், பெஞ்சுக்கு அடியில் இருந்த பெயிண்ட் டின்னுக்குள் போட்டான். டிங் என்று சத்தம் கேட்டது.

"அது எதுக்கு அதுல?"

"அது சரியில்ல."

"அளவு போயிடுச்சா?"

"அளவெல்லாம் கரீட்டு. இடுப்புல கடையும்போது ஒரு எடத்துல கல்லு கடிச்சா மாதிரி டூலு குதிச்சுது. கம்பி உள்ளயே ஏதோ கீது. அது நிக்காது."

அவன் அடுத்த கம்பியை மாட்டத் திரும்பிவிட்டான். நஃபீசாவின் கண் டின்னை விட்டு நகரவில்லை.

"என்னங்க. மெஷின நிறுத்துங்க."

நிறுத்தினான்.

"இதுக்கு முன்னாடி குடுத்தீங்களே ஐம்பது பீஸ். அப்பவும் இந்த மாதிரி எடுத்துப் போட்டீங்களா?"

"பின்ன? கழிச்ச பீஸு என் பட்டறைய வுட்டு வெளிய போவாது. எங்க அத்தா காலத்துலேந்து அப்படித்தான். கண்டவனுக்கே குடுக்க மாட்டேன், உனுக்குக் குடுப்பனா?"

அவள் டின்னைத் தரையில் கவிழ்த்தாள். பதினாலு துண்டுகள் உருண்டன. சிலதில் துரு ஏறியிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து அளந்தாள். ஐந்து துண்டு அளவு தப்பியவை. அவற்றைக் கழித்தது நியாயம், யாராக இருந்தாலும் கழிப்பார்கள். மீதி ஒன்பதும் அளவில் மயிரிழை பிசகவில்லை. கம்பிக்குள் ஏதோ இருக்கிறது என்று அவன் கைக்குத் தெரிந்ததால் மட்டும் கழிக்கப்பட்டவை.

கடிதம் எழுதிய அந்த வெளிநாட்டு ஆசாமி பாதி சரி. இது நடக்கிற காரியமில்லைதான். எந்தத் துண்டு சீக்கிரம் செத்துப்போகுமோ அந்தத் துண்டெல்லாம் அவள் மெஷினுக்கு வந்து சேரவே இல்லை. நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, இந்த இரும்பு இவ்வளவு தாங்கும் என்று ஐந்து வருஷமாக எழுதியிருக்கிறாள்.

"எவ்ளோ பெரிய காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். ஆராய்ச்சி வேறு, வியாபாரம் வேறு என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றாள். சௌகத் குறுக்கே பேசாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். கோபக்காரன்தான், ஆனால் அவள் கண் கலங்கினால் அவனுக்கு வாய் அடைத்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு, லேத்துக்கு மேலே சுவரில் ஆணியில் செருகியிருந்த காகிதத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தான்.

அவள் போட்ட படம். அளவுகளெல்லாம் இங்கிலீஷில். கடைசியில், அவனுக்குச் சுலபமாகப் புரியட்டும் என்று, தமிழில் அவள் கையால் ஒரு வரி: 'குறை உள்ள பீஸ் வேண்டாம். நல்ல பீஸ் மட்டும்.'

மேல்புறத்தில் கோடு, கீறல் இருக்கக்கூடாது என்பதை நினைத்து எழுதியது. அவன் படித்தபடிதான் செய்திருக்கிறான். நஃபீசாவுக்கு அழுகை நின்றுவிட்டது. மேலே திட்ட ஆளில்லாமல் போயிற்று.

சௌகத் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். "தோ பாரு. இப்ப இன்னா கெட்டுப்போச்சு? புதன்கிழமை அவுங்க எதுலேந்து எடுப்பாங்க? இந்த டிபன் பாக்ஸுலேந்து. இதுல கீறதெல்லாம் நல்ல பீஸு. பழைய மாதிரியே ஒடையும். நீ பொய் சொல்லலன்னு ஆயிடும். இந்த டின்னு சமாச்சாரம் உனுக்கும் எனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை மறைத்து அவளைப் புடம் போட்ட தங்கமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. இரண்டு நாள் அவள் அந்த யோசனையோடுதான் இருந்தாள். அவள்மேல் சொன்ன குற்றம் 'எண்களைத் தயாரித்தாள்' என்பது. அவள் தயாரிக்கவில்லை. கேட்டது அதுதானே, அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதாதா? ஐந்து வருஷம். முப்பத்தாறு வயது. வாயைத் திறக்காமல் இருப்பது பொய் சொல்வதில் சேருமா?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஏழு பேர் உட்காரும் வண்டியில் பன்னிரண்டு பேர். முடிச்சூர் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் வண்டி இறங்கி ஏறியது. அவளுக்குக் கீழே, மிதிபலகைக்கு அடியில், சக்கரத்தைத் தாங்குகிற ஆக்ஸில் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மெஷினில் மாட்டுகிற துண்டும் இந்த ஆக்ஸிலும் ஒரே ஜாதி. இதைச் செய்தவன், கடையும்போது கல் கடித்தது என்று எத்தனை கழித்திருப்பான்? ஒன்றுகூட இருக்காது. கல் கடித்ததும் கடிக்காததும் எல்லாமே ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு யாரோ ஒருவன் நஃபீசாவின் வரைபடத்தைப் பார்த்து, இரண்டு லட்சம் நிச்சயம் தாங்கும் என்று கணக்குப் போட்டு ஒரு ஆக்ஸில் செய்வான். அதன் மேலும் பன்னிரண்டு பேர் உட்காருவார்கள்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தோத்தாத்ரி மேல் இல்லை, கடிதம் எழுதியவன் மேலும் இல்லை, தன் மேல்தான். 'பொய்க்காரி' என்று சொல்லிவிட்டார்கள் என்று இத்தனை நாள் குதித்தது போக, நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். அவர்கள் சொன்னதை உண்மையாக்கிக் கொடுக்க அவள் தயாரில்லை.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சௌகத்திடம் சொன்னாள். "நாளைக்கு நீங்களும் வரீங்க. டின்ன எடுத்துக்கிட்டு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தான். "டின்னு பெயிண்டு நாத்தம் அடிக்குமே. வேற டப்பால போட்டுக்கவா?" என்றான்.

"அதே டின்னுல வாங்க."

புதன்கிழமை ஒன்பதரைக்கு லேபில் தோத்தாத்ரி, சுப்ரமணியன், பாலாம்பாள் மூவரும் உட்கார்ந்தார்கள். பாலாம்பாள் குட்டையான உருவம், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, பேச்சு மிகக் குறைவு. டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை எடுத்தார். மாட்டும்போது நஃபீசாவைத் தள்ளி நிற்கச் சொன்னார். நடுப் பாரத்துக்கான எடையைத் தானே சரிபார்த்தார். மோட்டார் ஓடியது. நாலு பேரும் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீ வந்து ஆறிப்போனது. ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் கழித்து துண்டு ஒடிந்தது. ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். இரண்டாவது துண்டு, இரண்டு லட்சத்து ஏழாயிரம்.

சுப்ரமணியனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. தோத்தாத்ரி ஃபைலை மூடினார். "வெரி குட். பொருந்திப்போச்சு. நான் பதில் எழுதிடறேன். சாப்பிடப் போலாமா மேடம்?"

பாலாம்பாள் பாதி எழுந்துவிட்டார்.

"சார், இன்னும் முடியல," என்றாள் நஃபீசா.

வராந்தாவுக்குப் போய் சௌகத்தை உள்ளே அழைத்து வந்தாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெயிண்ட் டின்னை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "இவர் என் வீட்டுக்காரர். பீஸெல்லாம் கடைஞ்சவர். ஞாயித்துக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சது," என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னாள். சுப்ரமணியன் நடுவில் இரண்டு முறை இருமினார். அவள் இருமலுக்கு நிற்கவில்லை. சொல்லி முடித்ததும் ஒன்பது துண்டுகளை மேஜையில் வரிசையாக வைத்தாள். "இதையும் நீங்களே எடுத்து மாட்டுங்க மேடம்."

பாலாம்பாள் திரும்ப உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் போயே போய்விட்டது.

முதல் துண்டு இருபத்திரண்டு நிமிஷத்தில் ஒடிந்தது. அறுபத்தோராயிரம். பாலாம்பாள் ஒடிந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒரு ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளி இருப்பதைக் காட்டினார். சௌகத் எட்டிப் பார்த்து, "அதான் மேடம் கல்லு," என்றான். அடுத்த துண்டு எண்பத்தெட்டாயிரம். மூன்றாவது துண்டு அடம் பிடித்து, நல்ல துண்டுகளுக்குச் சமமாக ஒரு லட்சத்துத் தொண்ணூற்றோராயிரம் வரை ஓடியது. "இத்த தப்பா கழிச்சுட்டேன் போல," என்று சௌகத் தனக்குள் சொல்லிக்கொண்டான். மூன்று போதும், மீதி ஆறு அப்புறம் என்றார் பாலாம்பாள்.

சுப்ரமணியன் அவளுடைய வரைபடத்தில் அந்த மூன்று புள்ளிகளையும் பென்சிலால் வைத்துப் பார்த்தார். இரண்டு புள்ளிகள் கோட்டுக்கு வெகு கீழே விழுந்தன. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் அன்னிக்கு வைக்கச் சொன்ன இடத்துலதானேம்மா கிட்டத்தட்ட வந்து நிக்குது. அப்பவே கேட்டிருந்தா இந்தக் கூத்தெல்லாம் வேண்டாமே."

"இடம் அதேதான் சார். ஆனா இத யாரும் வெக்கல, இது ஒடைஞ்சு வந்தது," என்றாள் நஃபீசா. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

தோத்தாத்ரிக்குப் பசி, எரிச்சல், இரண்டும். "நஃபீசா, கமிட்டி கூடினது முதல் ரெண்டு பீஸுக்காக. அது பாஸ் ஆயிடுச்சு. இந்த டின் விஷயத்தை மினிட்ஸ்ல எழுதினா உங்க பேப்பர் போச்சு, தீசிஸ்ல மூணாவது சாப்டர் போச்சு, எல்லாத்தையும் திரும்பப் பண்ணணும். ஒன்றரை வருஷம் ஆகும். யோசிச்சுப் பாருங்க."

"ரெண்டு நாளா யோசிச்சேன் சார். எழுதுங்க."

"சரி, எழுதறேன்." அவர் பேனாவைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "வெளி ஆளான லேத் தொழிலாளியின் கவனக்குறைவால், பரிசோதனைத் துண்டுகள்..."

சௌகத் டின்னைக் கீழே வைத்தான். "கவனக்கொறவா? யாரு சார் கவனக்கொறவு? கவனமா பாத்ததாலதான கழிச்சேன்."

"நீங்க இருங்க," என்றாள் நஃபீசா. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து தோத்தாத்ரி முன்னால் வைத்தாள். "அவருக்கு இதை எழுதிக் குடுத்தது நான். குறை உள்ளது வேண்டாம்னு என் கையெழுத்துல இருக்கு பாருங்க. எந்தக் குறைன்னு நான் எழுதல. கடையற இடத்துல ஒரு நாளும் போய் உக்காரல. தப்பு என்னோடது, என் பேரைப் போட்டு எழுதுங்க. அவர் பேர் அதுல வரக்கூடாது."

"உங்களுக்கு உதவியா இருக்கட்டும்னுதான் அப்படி எழுதினேன்."

"தெரியும் சார். வேண்டாம்."

பாலாம்பாள் முதல் முறையாகச் சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது. "அந்த அம்மா சொல்றபடி எழுதுங்க," என்றார்.

தோத்தாத்ரி அடித்துவிட்டு, வேறு வரி எழுதினார். துண்டுகளைத் தேர்ந்தெடுத்ததில் ஆய்வாளரின் பிழை, கட்டுரையை ஆய்வாளரே திரும்பப் பெறுகிறார், பணி மீண்டும் செய்யப்படும். நஃபீசா படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டாள். ஐந்து வருஷத்தில் பெரும் பாதி அந்தக் கையெழுத்தோடு போயிற்று. அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் நான்தான் பொய்க்காரன் ஆவேன்.

தோத்தாத்ரி காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். "அவ்ளோதானே?"

"இல்ல சார். இன்னொரு லெட்டர் பாக்கி இருக்கு."

"என்ன லெட்டர்?"

"நான் நம்பரைத் தயாரிச்சேன்னு எழுதினாரே, அவருக்கு பதில். பேப்பர் தப்புன்னு நானே எழுதறேன், அது என் வேலை. நம்பர் பொய் இல்லைன்னு கல்லூரி எழுதணும், அது உங்க வேலை. ரெண்டும் ஒண்ணு இல்ல சார். தப்பு பண்ணவளும் பொய் சொன்னவளும் ஒண்ணு இல்ல."

"அடுத்த வாரம் பார்க்கலாமே."

"இன்னிக்கு மேடம் இருக்காங்க. அவங்க கையெழுத்தும் வேணும்."

தோத்தாத்ரி பாலாம்பாளைப் பார்த்தார். பாலாம்பாள் தன் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஆபீஸ் டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சுப்ரமணியன் ஒரு நாற்காலியை நஃபீசா பக்கம் நகர்த்தி, "உக்காரும்மா, காலைலேந்து நிக்கற," என்றார்.

"நின்னுக்கறேன் சார்," என்றாள்.

டைப்பிஸ்ட் அடித்துக் கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'எங்கள் முன்னிலையில் பரிசோதித்தோம். ஆய்வாளர் கொடுத்த எண்கள் யாவும் உண்மையானவை' என்ற வரியை அவள் இரண்டு முறை படித்தாள். தோத்தாத்ரி கையெழுத்துப் போட்டார், பாலாம்பாள் போட்டார், கடைசியில் சுப்ரமணியனும் போட்டார். நகலை வாங்கி மடித்துப் பையில் வைக்கும் வரை நஃபீசா உட்காரவே இல்லை.